படம் வரைந்து கவிதை எழுதுவோம்: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வார இறுதிகளில் பிள்ளைகளை உட்காரவைத்துப் படக்கதை வரையச் சொல்லி, அதிலிருந்து கவிதை எழுதவைக்கிறோம். அதைப் பார்த்த பெற்றோரும் பள்ளி ஆசிரியர்களும் வாட்ஸ்அப்பில் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதனால் பதில்களையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உங்களுக்கு எது தேவையோ அதை மட்டும் படித்தாலும் போதும்.

கவிதை எழுதப் படம் எதற்கு? நேரடியாக எழுதச் சொல்லக் கூடாதா?

சொல்லலாம். சொன்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் வெள்ளைத்தாளை நீட்டி "மழையைப் பற்றி ஒரு கவிதை எழுது" என்றால், "மழையே மழையே வா, மக்கள் மகிழ வா, பயிர்கள் செழிக்க வா" என்று வரும். பாடப்புத்தகத்தில் படித்தது, ஆண்டுவிழா மேடையில் கேட்டது எல்லாம் அதில் இருக்கும், அந்தப் பிள்ளை நனைந்த மழை மட்டும் இருக்காது. அதே பிள்ளையிடம் "நேத்து மழை பெய்தப்போ நீ எங்க நின்னுக்கிட்டு இருந்த, அதை வரை" என்று சொல்லுங்கள். கடை வாசல் தகரக் கூரை வரும், கூரை நுனியிலிருந்து கோடு கோடாகத் தண்ணீர் வரும், பக்கத்தில் ஒரு நாய் வரும். வரைய வேண்டுமென்றால் கூரை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, நாய் படுத்திருந்ததா நின்றதா என்று நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும். பொதுவான மழை என்று ஒன்றை யாராலும் வரைய முடியாது.

இது ஓவியத்தின் பலன். படக்கதையில் கூடுதலாக இன்னொன்று கிடைக்கிறது. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு சந்து இருக்கிறதல்லவா, அங்கே நடந்ததை யாரும் வரைவதில்லை. முதல் கட்டத்தில் பையன் மரத்தில் இருக்கிறான், அடுத்ததில் கையில் கட்டுப் போட்டிருக்கிறான். விழுந்ததைப் படிப்பவரே பார்த்துக்கொள்கிறார். காமிக்ஸ் படிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் இது பழக்கம், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கவிதையில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவிலும் இதேதான் நடக்கிறது. எதைச் சொல்லாமல் விடலாம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதுதான் கவிதை வகுப்பிலேயே கடினமான வேலை. படக்கதை வழியாகப் போனால் பாதி வேலை முன்பே முடிந்திருக்கும்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

எழுதத் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். நாலைந்து வயதுப் பிள்ளை கிறுக்கிவிட்டு "இது யானை தூங்குது, இது அதோட கனவு" என்று சொன்னால் அதை அப்படியே நீங்கள் படத்துக்குக் கீழே எழுதுங்கள். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் எழுதிப் படித்துக் காட்டுங்கள். தான் வாயால் சொன்னது எழுத்தாகி நிற்பதைப் பார்க்கும் சந்தோஷமே அந்த வயதுக்குப் போதும். கட்டம் போட்டு எழுதுவதை 7, 8 வயதில் தொடங்கலாம். இந்தப் பக்கத்தில் இருக்கும் பயிற்சிகள் பெரும்பாலும் 8 முதல் 13 வயது வரைக்கானவை.

எனக்கே வரையத் தெரியாது. நான் எப்படிச் சொல்லித்தருவது?

குச்சி மனிதர்கள் போதும். ஒரு வட்டம், ஐந்து கோடு. கரும்பலகையில் ஆசிரியரின் படம் சுமாராக இருந்தால் பிள்ளைகளுக்குத் தைரியம் வருகிறது. நன்றாக வரைகிற ஆசிரியர் என்றால் வகுப்பில் பாதிப்பேர் அவர் போட்டதைப் பார்த்து அப்படியே வரைவார்கள்.

"எனக்கு வராது" என்று கையைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைக்குப் பழைய பத்திரிகையையும் கத்தரிக்கோலையும் பசையையும் கொடுத்துவிடுங்கள். வெட்டி ஒட்டினாலும் படக்கதைதான்.

முதல் நாள் என்ன செய்வது?

ஒருபக்கப் படக்கதை ஒன்றை எடுத்து ஜெராக்ஸ் போடுங்கள். பலூன்களில் இருக்கும் வசனத்தை ஒயிட்னரால் அழித்துவிட்டு மறுபடியும் ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுங்கள். பலூனில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் படத்தில் ஏற்கெனவே தெரிவதை எழுதக் கூடாது. இந்த ஒரு விதிதான். ஒருவன் ஓடுவது படத்தில் தெரிகிறது, பலூனில் "நான் ஓடுகிறேன்" என்று எழுதினால் அடித்துவிட வேண்டும். ஓடுகிறவன் அந்த நேரத்தில் எதை நினைப்பான்? செருப்பை விட்டுவிட்டு வந்ததை நினைப்பானா, அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று நினைப்பானா? அதை எழுதச் சொல்லுங்கள்.

கவிதை என்ற சொல்லை அன்றைக்கு எடுக்கவே வேண்டாம். எழுதி முடித்ததும் படத்தை மூடிவிட்டு, பலூன் வசனங்களை மட்டும் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒரு தாளில் எழுதச் சொல்லி உரக்கப் படிக்கவையுங்கள். சிலருடையது அப்போதே கவிதையாக இருக்கும். வகுப்பே சட்டென்று அமைதியாவதைப் பார்த்து நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

பலூன் வரைவதில் ஒரு சின்ன விஷயம். பிள்ளைகள் முதலில் பலூனை வரைந்துவிட்டு அதற்குள் எழுத்தை அடைப்பார்கள், கடைசிச் சொல் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். முதலில் எழுதிவிட்டு, அதைச் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். தமிழுக்கு இது இன்னும் முக்கியம். "போய்க்கொண்டிருக்கிறார்கள்" என்ற ஒரே சொல் ஒரு பலூனை நிறைத்துவிடும். இடம் பற்றாத பிள்ளை தானாகவே சின்னச் சொல்லைத் தேட ஆரம்பிக்கும்.

எந்தப் படக்கதைகள் கிடைக்கும்?

சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸ் (1972இல் தொடங்கியது), லயன் காமிக்ஸ் (1984) இரண்டும் இன்றும் வருகின்றன. பெரும்பாலும் ஐரோப்பியக் கதைகளின் மொழிபெயர்ப்பு. கௌபாய், துப்பறியும் கதைகள் நிறைய இருப்பதால் நீங்கள் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வயதுக்கேற்றதைக் கொடுங்கள். 1967இல் ஆரம்பித்த அமர் சித்திரக் கதை பல வீடுகளில் இருக்கும். ஆனால் அதில் வசனம் அதிகம், அழித்து எழுதும் பயிற்சிக்கு அவ்வளவாக ஒத்துவராது. சுப்பாண்டி மாதிரியான குட்டிக் கதைகள்தான் இதற்குச் சரி. செய்தித்தாள்களோடு வரும் சிறுவர் இணைப்புகளையும் எடுத்து வையுங்கள்.

1947இல் தொடங்கிய அம்புலிமாமாவின் பழைய இதழ்கள் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. சங்கர் வரைந்த வேதாளம் படங்களில் கதையை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டி எழுதச் சொல்லலாம். தோளில் பிணத்தைச் சுமந்துகொண்டு இருட்டில் நடப்பவனுக்கு என்ன சத்தம் கேட்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், பழைய காமிக்ஸ் இதழ்களின் மேல் நேரடியாக ஒயிட்னர் வைத்துவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் தேடி அலைகிற இதழ்கள் அவை. ஜெராக்ஸ் மட்டும்தான்.

கட்டங்களிலிருந்து கவிதைக்கு எப்படிப் போவது? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

நாலு கட்டத்தில் ஆரம்பியுங்கள். ஜப்பானில் நாலு கட்டப் படக்கதை என்றே தனி வகை இருக்கிறது. அங்கே செய்தித்தாள்களில் நெடுங்காலமாக வருகிறது. அதற்கு ஒரு வாய்பாடு சொல்வார்கள். முதல் கட்டத்தில் தொடக்கம், இரண்டாவதில் வளர்ச்சி, மூன்றாவதில் திருப்பம், நான்காவதில் முடிப்பு. இந்த வாய்பாடு பழைய சீனத்தின் நாலுவரிக் கவிதையிலிருந்து வந்தது. கவிதையிலிருந்து படக்கதைக்குப் போனதை நாம் மறுபடியும் கவிதைக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான்.

மாதிரிக்கு நானே ஒன்று போட்டுக் காட்டுகிறேன். நாலு கட்டம். ஒன்று, மொட்டைமாடிக் கொடியில் பள்ளிச் சட்டை காய்கிறது. இரண்டு, மேலே கறுப்பாக மேகம். மூன்று, பாட்டி மாடிப்படி ஏறி வருகிறார். நான்கு, கொடியில் சட்டை இல்லை, மழை. இதைப் பார்த்துப் பிள்ளைகள் முதலில் இப்படித்தான் எழுதுவார்கள்:

கொடியில் என் சட்டை காய்ந்துகொண்டிருந்தது
வானத்தில் கருமேகம் சூழ்ந்தது
என் பாட்டி வேகமாக ஓடி வந்தார்
சட்டையை எடுத்துக்கொண்டு போனார், மழை பெய்தது

தப்பொன்றும் இல்லை. ஆனால் படம் காட்டிவிட்டதையே எழுத்தும் சொல்கிறது. இப்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேளுங்கள். மேகம் என்று சொன்னாலே வானம் வந்துவிடாதா? பாட்டியால் ஓட முடியுமா, அவர் வருவது உனக்கு எப்படித் தெரிந்தது, காலடியா, கூப்பிட்டாரா, மூச்சா? கடைசிக் கட்டத்தில் சட்டை இல்லையென்றால் கொடியில் என்ன மிச்சம் இருக்கிறது? படத்தை உற்றுப் பார், எதையாவது வரைந்திருக்கிறாயா? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் இந்த மாதிரி ஓர் இடத்துக்கு வரலாம்:

கொடியில் என் சட்டை
மேகம்
படியில் பாட்டியின் மூச்சு
கிளிப் மட்டும் நனைகிறது

சட்டையை யார் எடுத்தார்கள் என்று எங்கேயும் இல்லை. அது மூன்றாவது கட்டத்துக்கும் நான்காவது கட்டத்துக்கும் நடுவே நடந்துவிட்டது. பாட்டிக்குப் பேரன்மேல் எவ்வளவு பாசம் என்றும் எழுதவில்லை, மூச்சுவாங்க ஏறி வந்ததிலேயே அது இருக்கிறது. ஒரே ஓர் எச்சரிக்கை. கேள்வியை மட்டும் நீங்கள் கேளுங்கள், சொல்லைப் பிள்ளைதான் தேட வேண்டும். "மூச்சு" என்ற சொல்லை நீங்கள் எடுத்துக்கொடுத்துவிட்டால் அது உங்கள் கவிதையாகிவிடும்.

இன்னொரு பயிற்சி. நாலு கட்டமும் வரைந்த பிறகு ஒன்றைக் கையால் மறைத்துப் பக்கத்துப் பிள்ளையிடம் காட்டச் சொல்லுங்கள். அவருக்கு அப்போதும் புரிகிறதென்றால் அந்தக் கட்டத்துக்கு வரி தேவையில்லை.

பழைய தமிழ்க் கவிதையை இதில் சேர்க்க முடியுமா?

முடியும். நான் மிகவும் விரும்பிச் செய்கிற வகுப்பும் அதுதான். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு புறநானூற்றின் 112ஆம் பாட்டை எடுத்துக்கொள்கிறோம். பறம்புமலைத் தலைவன் பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டுக் கொன்ற பிறகு அவனுடைய மகள்கள் பாடியது. ஐந்தே வரி:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

போன மாதம் அந்த நிலா வெளிச்சத்தில் அப்பா இருந்தார், எங்கள் மலையையும் யாரும் பிடிக்கவில்லை. இந்த மாதம் இந்த நிலா வெளிச்சத்தில் மலையை எடுத்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. பாட்டு முழுக்க இரண்டே கட்டம். நிலா அதே நிலா, மலை அதே மலை. முற்றுகை, போர், சாவு எல்லாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த வெள்ளைச் சந்தில். ஒரு வாள்கூட வரையப்படவில்லை. சோகம், கண்ணீர், துயரம் என்று ஒரு சொல்லும் இல்லை.

பிள்ளைகளை முதல் கட்டத்தை வரையச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்து அதன்மேல் இன்னொரு தாளை ஒட்டி, நிலாவையும் மலையையும் அப்படியே பிரதி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது கட்டத்தில் எதை மட்டும் மாற்ற வேண்டும் என்று அவர்களே முடிவு செய்யட்டும். சிலர் கொடியை மாற்றுவார்கள், சிலர் வீட்டு வாசலில் ஒரு ஆளைக் குறைப்பார்கள். இதைச் செய்து முடித்த பிள்ளைக்குப் பாட்டின் பொருளைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

அதற்குப் பிறகு அவர்களுடைய "அன்றைக்கு, இன்றைக்கு". ஒரே இடம், இரண்டு கட்டம், கட்டத்துக்கு இரண்டே வரி. வெட்டப்பட்ட வேப்பமரம், ஊர் மாறிப்போன தோழி உட்கார்ந்த பெஞ்ச், தாத்தா படுத்திருந்த கட்டில் என்று வரும்.

பிள்ளை மிகவும் சோகமான ஒன்றை வரைந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில், மற்றவர்களுக்குக் காட்டலாமா என்று அந்தப் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அது அவர்கள் பையிலேயே இருக்கட்டும். "அழாதே, நல்லதா ஒண்ணு வரை" என்று சொல்லாதீர்கள். படத்தைப் பற்றியே பேசுங்கள், "இந்த ஜன்னல் ஏன் திறந்திருக்கு?" என்கிற மாதிரி. வீட்டில் யாரோ அடிக்கிறார்கள், தொந்தரவு செய்கிறார்கள் என்பது போன்ற ஒன்று படத்தில் தெரிந்தால் அதைக் கவிதையாகப் பார்க்காதீர்கள். பள்ளியில் பொறுப்பானவர்களிடம் பேசுங்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

எதுகை, மோனை, யாப்பு எதுவும் வேண்டாமா?

வேண்டும், பிற்பாடு. பத்து வயதுப் பிள்ளையை எதுகை போடச் சொன்னால் "பட்டு, மொட்டு, தட்டு" என்று சொல்லை அடுக்கிவிட்டு அதற்கேற்ப விஷயத்தை வளைப்பார்கள். முதலில் விஷயம் வரட்டும். மோனை பரவாயில்லை, அது தமிழ் பேசுகிறவர்கள் வாயில் தானாகவே வருகிறது, வரும்போது "இங்க பாரு, உனக்கே தெரியாம அழகா வந்திருக்கு" என்று காட்டிவிட்டால் அடுத்த முறை தேடிப் போடுவார்கள்.

ஓசையைச் சொல்லித்தரக் காமிக்ஸிலேயே வழி இருக்கிறது. "டமால்", "தொப்", "பளார்", "கிறீச்" என்று பெரிய எழுத்தில் வருமே, அவற்றிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் ஒரு இடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்ட சத்தங்களை எழுத்தாக வரைந்துவரச் சொல்லுங்கள். மிக்ஸிச் சத்தத்தை எப்படி எழுதுவது, குக்கர் விசிலை எப்படி எழுதுவது, எழுத்து தடிமனாக இருக்குமா, நடுங்குமா? அடுத்து இரட்டைக்கிளவி. சலசல, மடமட, படபட, குடுகுடு. பிரித்தால் பொருள் தராது என்று இலக்கணத்தில் படித்ததை இங்கே கையால் செய்து பார்க்கிறார்கள். "சலசல" என்பதை ஓடை மாதிரி வளைத்து எழுதிய பிள்ளை அதை மறக்காது.

பேச்சுத்தமிழில் எழுதலாமா? தேர்வில் மதிப்பெண் குறையாதா?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிள்ளைகள் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். வாயால் சொல்லும்போது உயிரோடு இருக்கிற விஷயம், எழுத உட்கார்ந்ததும் "நான் எனது நண்பர்களுடன் விளையாடச் சென்றேன்" என்று விறைத்துக்கொள்கிறது. படக்கதையில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. கட்டத்தின் மேல் ஓரத்தில் இருக்கும் செவ்வகப் பெட்டியில் கதைசொல்லி பேசுகிறார், அங்கே எழுத்துத்தமிழ். பலூனில் ஆட்கள் பேசுகிறார்கள், அங்கே பேச்சுத்தமிழ். எது எங்கே என்று யாரும் சட்டம் போடாமலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்:

மாலை. சைக்கிள் கைப்பிடி வளைந்திருக்கிறது.
"அம்மாட்ட சொல்லாத. ஐஸ் வாங்கித் தர்றேன்."

முதல் வரி பெட்டி, இரண்டாவது பலூன். யார் விழுந்தார்கள், யார் பயப்படுகிறார்கள் எல்லாம் தெரிகிறது. இரண்டாவது வரியை "அம்மாவிடம் கூறாதே, பனிக்கூழ் வாங்கித் தருகிறேன்" என்று திருத்தினால் அந்த அண்ணன் அங்கே இல்லாமல் போய்விடுவான். பேச்சுத்தமிழ் என்றால் சினிமாவில் கேட்கிற ஒரே பேச்சு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திருநெல்வேலிப் பிள்ளை "ஏலே" என்று எழுதட்டும், கோவைப் பிள்ளை "ஏனுங்க" என்று எழுதட்டும், யாழ்ப்பாணத்துப் பிள்ளை "என்ன செய்யிறாய்" என்று எழுதட்டும். வீட்டில் அப்பத்தா என்று கூப்பிடுகிற பிள்ளை கவிதையில் பாட்டி என்று எழுதினால், யாரை நினைத்து எழுதினாய் என்று கேளுங்கள்.

தேர்வு வேறு, இது வேறு என்று ஒருமுறை சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். எந்த இடத்தில் எந்தத் தமிழ் என்று யோசித்துப் பழகிய பிள்ளைக்குக் கட்டுரை எழுதும்போதும் குழப்பம் குறையும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எழுத்துப்பிழையைத் திருத்தலாமா?

முதல் படியில் கூடாது. கடைசியில் மையால் எழுதும்போது திருத்துங்கள். ல, ள, ழ மாறியிருக்கிறது என்று நடுவில் நிறுத்தினால் அந்தப் பிள்ளை அடுத்த வரியில் தனக்கு எழுத்துத் தெரிந்த சொல்லைத்தான் போடும்.

ஓவியம், சிற்பம் பார்த்து எழுதவைப்பது எப்படி?

மாமல்லபுரத்தில் இருந்து தொடங்கலாம். அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பெரிய பாறைச் சிற்பத்தில், யானைகளுக்குக் கீழே ஒரு பூனை பின்னங்காலில் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். மேலே ஒரு முனிவர் ஒற்றைக்காலில் கைதூக்கித் தவம் செய்கிறார், பூனையும் அவரைப் போலவே நிற்கிறது. 7ஆம் நூற்றாண்டில் செதுக்கியது, இன்றைக்குப் பார்க்கிற பிள்ளைக்கும் உடனே புரிகிறது. எலிக்கு ஒரு பலூன் கொடுங்கள், பூனைக்கு நினைப்பு பலூன் கொடுங்கள், அதாவது மேகம் மாதிரி இருக்குமே, அது. வெளியே சொல்வதும் உள்ளே நினைப்பதும் வேறு வேறு என்பது இந்த ஒரு பயிற்சியில் வந்துவிடும்.

புதுக்கோட்டை பக்கம் இருப்பவர்கள் சித்தன்னவாசல் போகலாம். குடைவரையின் கூரையில் 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக்குளம் இருக்கிறது. மீன், பறவை, யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். நிறம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று கேட்டால் பிள்ளைகள் நிறுத்தாமல் சொல்வார்கள். அண்ணாந்து பார்த்தபடியே இருந்தால் கழுத்து வலிக்கும், அந்த வலியையும் எழுதச் சொல்லலாம்.

போக முடியாதவர்கள் ஒரு நல்ல படத்தைச் சுவரில் ஒட்டி இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் பார்க்கவையுங்கள். இரண்டு நிமிடம் என்பது பிள்ளைகளுக்கு மிக நீளம், நெளிவார்கள், விடாதீர்கள். பிறகு மூன்று கேள்வி. உன் கண் முதலில் எங்கே போனது? சட்டத்துக்கு வெளியே, படத்தில் தெரியாத இடத்தில், யார் நிற்கிறார்கள்? இந்தப் படத்துக்குள் நீ போனால் உன் கால் எதன்மேல் படும்? "படத்தின் கருத்து என்ன" என்று மட்டும் கேட்காதீர்கள், உடனே "மரம் வளர்ப்போம்" வந்துவிடும்.

எழுத்தையே படமாக எழுதுவது தமிழுக்குப் புதிதா?

இல்லவே இல்லை. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லணியில் சித்திரகவிகளை, அதாவது எழுத்துகளை வடிவமாகவும் விளையாட்டாகவும் அமைக்கும் கவிதைகளை, வரிசையாகச் சொல்கிறது. பாம்புகள் பின்னிக்கிடக்கிற வடிவத்தில் எழுத்துகளை அடைக்கும் நாகபந்தம், முரசின் வார்களைப் போல ஓடும் முரசபந்தம், இரு பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் மாலைமாற்று. திருஞானசம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் எழுகூற்றிருக்கை பாடியிருக்கிறார்கள். ஒன்று இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று இரண்டு ஒன்று என்று எண்கள் ஏறி இறங்கி ஏழுவரை போகும் அமைப்பு. அதைத் தேர் வடிவத்தில் கட்டம் போட்டு எழுதுவார்கள். பிரான்சில் அப்போலினேர் என்ற கவிஞர் 1916இல் மழைத்துளி விழுவதுபோல எழுத்துகளைச் சாய்த்து எழுதிய கவிதையை அச்சில் கொண்டுவந்தார், அதையும் காட்டலாம். ஆனால் நம்முடைய தேர் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

நாகபந்தம் பிள்ளைகளுக்கு எட்டாது. எழுகூற்றிருக்கையின் முதல் அடுக்கு மட்டும் போதும், 1-2-1:

ஒரு மரம்
இரண்டு அணில்
ஒரு கொய்யா

மூன்று வரியில் ஒரு சண்டையே தொடங்கிவிட்டது பாருங்கள். அடுத்து 1-2-3-2-1. தேரின் தட்டுபோல வரிகளைக் கட்டத்துக்குள் எழுதி, சக்கரம் வரைந்துகொள்ளட்டும்.

என் பையன் சண்டைக் காட்சி மட்டும்தான் வரைகிறான்.

வரையட்டும். ஆனால் சண்டைக்கு முந்தைய கட்டத்தையும் முடிந்த பிறகு வரும் கட்டத்தையும் சேர்த்துக் கேளுங்கள். உடைந்த கண்ணாடியை யார் பெருக்குகிறார்கள்? வில்லனின் ஒரு காலணி எங்கே கிடக்கிறது? பெரிய கட்டத்தில் ஒரு சின்னப் பொருளை மட்டும் நெருக்கமாக வரையச் சொல்லுங்கள். கவிதை அந்தக் கட்டத்தில் இருக்கும்.

வகுப்பில் 40 பேர், ஒரு பீரியட்தான் கிடைக்கும். முடியுமா?

முடியும். ஒரு சார்ட் அட்டையைக் கட்டம் கட்டமாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே தொடக்கம், "எனக்கு ஒரு ஆசை" என்றோ "யாருக்கும் தெரியாமல்" என்றோ. ஒரு படம், ஒரு வரி, அவ்வளவுதான் வேலை. பிறகு எல்லாவற்றையும் சுவரில் வரிசையாக ஒட்டிவிட்டு, எது எதற்கு அடுத்து வந்தால் நன்றாக இருக்கும் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது வகுப்பின் வேலை. இந்த ஒரே தொடக்கம் என்ற யோசனை நியூயார்க்கில் இருந்து வந்தது. கென்னத் கோக் என்ற கவிஞர் 1968இல் அங்கே பி.எஸ். 61 என்ற தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கவிதை எழுதச் சொல்லிக்கொடுத்தபோது, ஒவ்வொரு வரியையும் ஓர் ஆசையாக எழுதவைத்தார். ஓவியர் ஜோ பிரெய்னார்டு கவிஞர்களோடு சேர்ந்து வரைந்த காமிக்ஸிலும் கோக்கின் பங்கு உண்டு.

தமிழிலும் படத்துக்கும் கவிஞனுக்கும் தூரம் இருந்ததில்லை. பாரதி நடத்திய "இந்தியா" பத்திரிகையில் கேலிச்சித்திரங்கள் வந்தன. ஜப்பானிய ஹைக்கூவைப் பற்றி 1916இலேயே சுதேசமித்திரனில் எழுதியவரும் அவர்தான்.

தமிழ் சரளமாக எழுத வராத பிள்ளைகளுக்கு?

ஆங்கில வழியில் படிப்பவர்கள், வெளிநாட்டில் வாரம் ஒருநாள் மட்டும் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவர்கள் இவர்களுக்குத்தான் இந்த முறை இன்னும் பொருந்தும். பத்துச் சொல் தெரிந்தாலும் நாலு கட்டக் கவிதை எழுதலாம், மீதியைப் படம் சொல்லிவிடும். தெரியாத சொல்லுக்குப் பதில் அந்த இடத்தில் ஒரு குட்டிப் படத்தைப் போடச் சொல்லுங்கள். அப்புறம் தாத்தா பாட்டியிடம் போனில் காட்டி "இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டு எழுதட்டும்.

போட்டிகளுக்கு அனுப்பலாமா?

எனக்கு உடன்பாடில்லை. "தாய்", "நீர் மேலாண்மை" என்று தலைப்புக் கொடுத்து, முதல் பரிசு இரண்டாம் பரிசு என்று பிரித்தால், பிள்ளைகள் நடுவருக்குப் பிடித்ததை எழுதப் பழகுவார்கள். தமிழக அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல், தேன்சிட்டு போன்ற இதழ்கள் வருகின்றன, அவற்றுக்குப் படைப்பு அனுப்புவது வேறு விஷயம். அங்கே மற்றப் பிள்ளைகள் படிப்பார்கள்.

கணினியே படம் வரைந்து தருகிறதே, அதைப் பயன்படுத்தலாமா?

இந்த வயதில், இந்த வேலைக்கு, வேண்டாம். பாட்டியின் புடவைக் கரையை வரைய ஒரு பிள்ளை அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த அரைமணி நேரமும் அது பாட்டியைப் பற்றித்தான் யோசிக்கிறது, வரி அங்கிருந்துதான் வருகிறது. படம் ஒரு நொடியில் வந்துவிட்டால் யோசிக்க நேரமே இல்லை.

எழுதி முடித்த பக்கங்களை என்ன செய்வது?

குட்டிப் புத்தகமாக்குங்கள். ஒரே ஒரு ஏ4 தாள் போதும், ஸ்டேப்ளர்கூட வேண்டாம். தாளை எட்டுக் கட்டமாக வரும்படி மடித்துப் பிரியுங்கள். பிறகு நீளவாக்கில் பாதியாக வரும் இடத்தில் குறுக்கே மடித்து, மடிப்புப் பக்கமிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டத்தின் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். விரித்தால் தாளின் நடுவே இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கும். இப்போது நீளவாட்டில் மடித்து இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம். முன்னட்டை, பின்னட்டை போக ஆறு பக்கம், அதாவது நாலு கட்டக் கதைக்கு நாலு பக்கமும் இறுதிக் கவிதைக்கு எதிரெதிரே இரண்டு பக்கமும் சரியாக வரும். எழுதுவதும் வரைவதும் தாளின் ஒரே பக்கத்தில்தான் என்பதால் விரித்து வைத்து ஜெராக்ஸ் எடுத்தால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் கிடைக்கும். ஒன்று வகுப்பு நூலகத்துக்கு, ஒன்று வீட்டுக்கு. பின்னட்டையில் பிள்ளை தன் பெயரையும் விலையையும் எழுத ஆசைப்படும், எழுதவிடுங்கள்.